தைப்பூசப் பந்தலுக்கு எது முதலில்: கருவியா, பயிற்சியா, ஆம்புலன்சா?

மலேசியாவின் பினாங்கில், தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் ஆண்டுதோறும் தண்ணீர்ப்பந்தல் போடும் குழு எங்களுடையது. மோர், பானகம், சோறு, கால் வலிப்பவர்கள் உட்கார நாற்காலி, இவ்வளவுதான் எங்கள் சேவை. இம்முறை நன்கொடை கொஞ்சம் மிஞ்சிவிட்டது. அதைப் புதிய ஒலிபெருக்கியில் கரைக்காமல் உயிர்காக்கும் காரியம் எதற்காவது ஒதுக்கலாம் என்று செயலாளர் சொன்னார். உடனே கூட்டத்தில் மூன்று கட்சி கிளம்பிவிட்டது. நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி வாங்க வேண்டும் என்றார்கள் இளைஞர்கள். அந்தப் பணத்தில் தொண்டர்கள் எல்லாருக்கும், நெஞ்சை அழுத்தி இரத்தத்தை ஓடவைக்கும் சி.பி.ஆர். முதலுதவியில் பயிற்சி கொடுக்கலாம் என்றார்கள் பெண்கள். பெரியவர்களோ தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றைத் திருவிழா முடியும்வரை பந்தலுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைத்தால் போதும் என்றார்கள். ஓய்வு பெறும்வரை ஆம்புலன்சில் வேலை பார்த்தவன் என்பதால் ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மற்றப் பந்தல்காரர்களுக்கும் கோவில் நிர்வாகங்களுக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை ஒளிக்க விரும்பவில்லை. பயிற்சி முதலில், கருவி அடுத்து, ஆம்புலன்ஸ் வாடகை வேண்டவே வேண்டாம். ஆனால் இந்த வரிசை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எங்கே மாறும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் பெரும்பாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டுதான் இருப்பார். இதயம் நின்றவர் பேசமாட்டார். பல நேரங்களில் அவருடைய இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகிவிடும். தசை துடிப்பதற்குப் பதிலாக நடுங்கும், இரத்தம் நகராது. முதலாவது இரண்டாவதாக மாறக்கூடும் என்பதால்தான் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறோம். நெஞ்சை யாரும் அழுத்தாமல் விட்டால், அதிர்ச்சி கொடுப்பதற்குத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து விழுக்காடு குறையும். அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகிவிடும். மூன்று யோசனைகளையும் இந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதையே நம் ஊர்த் திருவிழாவில் கண்டுபிடிப்பது கடினம். தைப்பூசத்தன்று கோவிலுக்குப் போகும் சாலைகளான ஜாலான் உத்தாமாவிலோ ஜாலான் கெபுன் பூங்காவிலோ ஒருவர் சாய்ந்தால் நூறு பேர் பார்ப்பார்கள். நூறு பேருக்கும் நூறு விளக்கம் இருக்கும். அருள் வந்திருக்கிறது என்பார் ஒருவர். விரதம் இருந்த உடம்பு, வெயில் தாங்கவில்லை என்பார் இன்னொருவர். விபூதி பூசுவார்கள், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைப்பார்கள், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். கை கால் வெட்டினால் யாராவது சாவிக்கொத்தை எடுத்துக் கையில் திணிப்பார். இதில் எதற்கும் தீய நோக்கம் கிடையாது. ஆனால் எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும்.

இதயம் நின்ற முதல் சில நொடிகளில் உடம்பு வலிப்பு வந்ததுபோல் உதறலாம். அதற்குப் பின்னும் சிலருக்கு மூச்சு முழுதாக நின்றுவிடாது. கரையில் போட்ட மீனைப் போல வாய் திறந்து திறந்து மூடும், தொண்டையில் குறட்டை போன்ற சத்தம் வரும். பத்துப் பேரில் நான்கு பேர் அளவுக்கு இப்படி இழுப்பார்கள் என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் அதைப் பார்த்து, மூச்சு இருக்கிறது, பயமில்லை என்று ஆறுதல் அடைந்துவிடுவார்கள். அந்த ஆறுதல் பல உயிர்களைக் கொன்றிருக்கிறது. அருள் வந்தவருக்கு மூச்சு பலமாகவும் சீராகவும் வாங்கும்; தொட்டால், கூப்பிட்டால் உடம்பில் ஏதாவது ஓர் எதிர்வினை இருக்கும். தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிட்டும் அசைவில்லை, நெஞ்சு இயல்பாக ஏறி இறங்கவில்லை என்றால் அது அருள் இல்லை. இதைப் பார்க்கப் பத்து நொடி போதும். நாடி பிடித்துப் பார்க்க வேண்டாம். பொதுமக்கள் நாடி பார்ப்பதில் அடிக்கடி தவறுகிறார்கள் என்பதால் 2000ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளிலேயே அதை அவர்களுக்கு எடுத்துவிட்டார்கள்.

இதயம் ஓடிக்கொண்டிருப்பவரின் நெஞ்சை அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் இதை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். தொலைபேசி வழிகாட்டலின்படி தவறுதலாக அழுத்தப்பட்டவர்களில் எலும்பு முறிந்தவர்கள் நூற்றில் இரண்டு பேர் அளவே. விலா எலும்பு கூடிவிடும். ஐயத்தில் நின்று கழியும் நிமிடங்களுக்கு அப்படி ஈடு கிடையாது.

இந்த அடையாளம் காணும் வேலையை எந்தக் கருவியும் நமக்காகச் செய்யாது என்பதே என் வாதத்தின் மையம். ஏ.இ.டி. புத்திசாலிக் கருவிதான்; மின்தகடுகளை ஒட்டிய பிறகு இதயத்தின் தாளத்தை அதுவே படித்து, அதிர்ச்சி தேவையா இல்லையா என்று சொல்லும். ஆனால் ஒட்ட வேண்டும் என்று முதலில் ஒரு மனிதருக்குத் தோன்ற வேண்டும். ஆம்புலன்சும் அப்படித்தான். யாராவது கூப்பிட்டால்தான் அது வரும்.

பயிற்சிக் கட்சியின் பக்கம் ஆதாரம் வலுவாக இருக்கிறது. பால்டிமோரில் கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் மூடிய மார்பை அழுத்தியே இரத்தத்தை ஓடவைக்கலாம் என்று 1960இல் காட்டினார்கள். இரண்டு கைகள் இருந்தால் எவரும் எங்கும் செய்யலாம் என்பதே அந்தக் கட்டுரையின் சாரம். சுவீடனில் 1990 முதல் 2011 வரை, பிறர் கண்ணெதிரே இதயம் நின்ற 30,381 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். ஆம்புலன்ஸ் வருமுன் யாராவது சி.பி.ஆர். செய்திருந்தால் முப்பதாவது நாளில் உயிரோடு இருந்தவர்கள் 10.5 விழுக்காடு, செய்யாமல் விட்டிருந்தால் 4 விழுக்காடு. நம் பக்கத்து நிலவரம் ஆசிய நாடுகளின் கூட்டாய்வு ஒன்றில் இருக்கிறது. மலேசியா உட்பட ஏழு நாடுகளிலிருந்து 2009 முதல் 2012 வரை 66,780 பேரின் விவரங்களைச் சேர்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் சி.பி.ஆர். செய்த விகிதம் நாட்டுக்கு நாடு 10.5இலிருந்து 40.9 விழுக்காடு வரை. பொதுமக்கள் கையால் அதிர்ச்சிக் கருவி பயன்பட்டது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. உயிரோடு வீடு திரும்பியவர்கள் 0.5 முதல் 8.5 விழுக்காடு வரை. இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வை மருந்தின் தரத்தை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. சாலையில் நின்றவர்களின் கைகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

செய்முறை எளிது. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். திடீரென்று சாய்ந்தவர் வயதுவந்தவர் என்றால், வாயோடு வாய் வைத்து ஊதும் பயிற்சி பெறாதவர்கள் நெஞ்சை அழுத்தினால் மட்டும் போதும். கன்னத்தில் வேல் குத்தியவருக்கு எப்படி ஊதுவது என்று கூட்டத்தில் கேட்ட தம்பிக்கும் அதுதான் பதில். நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சு கொடுப்பது மிக முக்கியம். அழுத்துபவர் இரண்டு நிமிடத்தில் களைத்துப்போவார். மாற்றிவிட ஆள் வேண்டும். பந்தலில் ஆளுக்குப் பஞ்சமில்லை என்பது நமக்கு ஒரு வரம்.

பயிற்சிக்குக் குறைகள் இருக்கின்றன, அவற்றைப் பெண்கள் அணி மறைத்துப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. கற்ற திறன் மூன்று முதல் ஆறு மாதங்களில் மங்கத் தொடங்கிவிடும். சான்றிதழை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அடுத்த தைப்பூசத்துக்கு வருகிறவரிடம் பாதிதான் மிஞ்சியிருக்கும். தொண்டர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். படிக்கக் கோலாலம்பூருக்குப் போவார்கள், வேலைக்குச் சிங்கப்பூருக்குப் போவார்கள். ஆகவே பயிற்சி என்றால் ஒருநாள் வகுப்பு என்று எண்ணிக் கணக்குப் போடக்கூடாது. நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மைகள் ஓரிரண்டை வாங்கி வைத்துக்கொண்டு, திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் ஒவ்வொரு பந்தல் கூட்டத்தின் முடிவிலும் ஆளுக்கு இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு கருவி வாங்கும் தொகைக்குள் எல்லாரும் அடங்கிவிடுவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொது இடத்தில் விழும் பெண்களின் நெஞ்சைத் தொட ஆண்கள் தயங்குகிறார்கள். அமெரிக்கப் பதிவுகளை வைத்து 2018இல் வந்த ஆய்வில், பொது இடத்தில் சாய்ந்த ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கு யாராவது சி.பி.ஆர். செய்தார்கள், பெண்களில் 39 விழுக்காட்டினருக்குத்தான் செய்தார்கள். அங்கேயே அப்படியென்றால், மஞ்சள் புடவையில் பால்குடம் எடுத்துவரும் ஓர் அக்கா விழுந்தால் நம் தம்பிமார்கள் எவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? பயிற்சி பெறுபவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். ஆண்களுக்கும் இந்தக் கூச்சத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

இப்போது கருவி. ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் 1966இல் பெல்ஃபாஸ்டில் அதிர்ச்சிக் கருவியை ஆம்புலன்சில் ஏற்றி நோயாளியிடம் கொண்டுபோனபோது அதன் எடை ஏறக்குறைய 70 கிலோ. இன்று அதை ஒரு சிறுமி தோளில் மாட்டிக்கொண்டு படியேறலாம். ஆதாரமும் கவர்ச்சியானது. அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களில் பாதுகாவலர்களுக்கு ஏ.இ.டி. கொடுத்து ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். இதயம் நடுங்கிக்கொண்டிருந்த 105 பேரில் 53 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். மூன்று நிமிடத்துக்குள் முதல் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காடு, தாமதமானவர்களில் 49 விழுக்காடு. நம் இளைஞர்கள் கைப்பேசியில் காட்டியது இந்த எண்களைத்தான். அவர்கள் கவனிக்காதது, சூதாட்டக் கூடத்தில் ஒவ்வொரு மேசையின் மேலும் கேமரா இருக்கிறது, காவலர் சம்பளத்துக்கு நிற்கிறார் என்பது. காசுக்காகக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்கும் இடத்தில் உயிரும் பிழைத்துக்கொண்டது!

நம் கேள்விக்கு அதைவிட நெருக்கமான ஆய்வு 2004இல் வந்தது. வட அமெரிக்காவில் 993 இடங்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றின் தொண்டர்களுக்கு சி.பி.ஆர். மட்டும் கற்பித்தார்கள், மற்றவற்றில் சி.பி.ஆரோடு கருவியும் கொடுத்தார்கள். முதல் வகையில் 107 பேரில் 15 பேர் பிழைத்தார்கள், இரண்டாவதில் 128 பேரில் 30 பேர். கருவிக் கட்சிக்கு இது வெற்றிதான், மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டு பக்கத்திலும் பயிற்சி இருந்தது. பயிற்சி இல்லாமல் கருவியை மட்டும் சுவரில் மாட்டிய மூன்றாவது பிரிவு அந்த ஆய்வில் கிடையாது. நம் இளைஞர்கள் கேட்பது ஏறக்குறைய அதைத்தான். கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்த ஆய்வும் உண்டு. மாரடைப்பு வந்து மீண்ட 7,001 பேரில் பாதிக் குடும்பங்களுக்கு ஏ.இ.டி. கொடுத்தார்கள். 2008இல் முடிவு வந்தபோது இரு தரப்பிலும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. ஒரே வீட்டில் ஒரே ஆளுக்காகக் காத்திருக்கும் கருவி பெரும்பாலும் காத்துக்கொண்டேதான் இருக்கும்.

பந்தல் ஆண்டில் சில நாள்தான் இருக்கும். மற்ற நாள்களில் இந்தக் கருவி எங்கே இருக்கும்? செயலாளர் வீட்டு அலமாரியில் என்றார்கள். இதயம் நின்றுபோகும் நிகழ்வுகளில் பத்தில் ஏழு வீடுகளில் நடக்கின்றன என்றாலும், அவை செயலாளர் வீட்டிலேயே நடக்கப்போவதில்லை. மின்தகடுகளுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கும் பணம் வேண்டும். தகரக் கொட்டகையிலோ காரின் பின்பெட்டியிலோ பினாங்கு வெயிலில் வைத்தால் தகட்டின் பசை காய்ந்துவிடும்.

பக்தரின் உடம்பும் கருவிக்குச் சவால்தான். வியர்வை, பால், சந்தனம், விபூதி எல்லாம் பூசிய நெஞ்சில் தகடு ஒட்டாது. துண்டு வைத்துத் துடைத்து உலர்த்த வேண்டும். பையில் கருவியோடு துண்டும் சவரக்கத்தியும் இருப்பது அதற்காகத்தான். நெஞ்சில் கொக்கிகளோ சிறு வேல்களோ குத்தியிருந்தால் உலோகத்தின் மேல் தகடு படாமல் தள்ளி ஒட்ட வேண்டும். பெரிய காவடிச் சட்டத்தோடு ஆளைக் கிடத்தவே முடியாது. அதைக் கழற்றத் தெரிந்தவர் காவடிக்காரரோடு வரும் உறவினர்தான், அவரை உடனே கூப்பிட வேண்டும். முதுகில் கொக்கி இருக்கிறதே என்று தயங்கி ஒருக்களித்துப் போட்டு வைப்பதைவிட மல்லாக்கக் கிடத்தி அழுத்துவதே மேல் என்பது என் கருத்து. காவடி, கொக்கி பற்றியெல்லாம் கருவியோடு வரும் கையேட்டில் இருக்காது. பயிற்சியில்தான் பேச முடியும்.

ஆம்புலன்ஸ் கட்சிக்கு வருகிறேன். என் பழைய தொழில் என்பதால் எனக்கு அதில் பாசம் உண்டு, ஆனாலும் கணக்கு உதவவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், விரைவாக அதிர்ச்சி கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்த நகரங்களில், தொண்டையில் குழாய் போடவும் ஊசி மருந்து ஏற்றவும் தெரிந்த உயர்பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் பணியாளர்களான பாராமெடிக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2004இல் வெளிவந்த முடிவின்படி, பிழைத்து வீடு திரும்பியவர்கள் சேர்ப்பதற்கு முன் 5.0 விழுக்காடு, சேர்த்த பின் 5.1. அதே ஆய்வில், யாராவது கண்ணால் பார்த்திருந்தது, பக்கத்தில் இருந்தவர் சி.பி.ஆர். செய்தது, விரைவில் அதிர்ச்சி கிடைத்தது, இம்மூன்றும் பிழைக்கும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டியிருந்தன. பிரிட்டனில் 8,014 பேரிடம், இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்தைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். முப்பது நாளில் உயிரோடு இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 3.2 விழுக்காடு, பெறாதவர்களில் 2.4. ஆனால் மூளை நல்ல நிலையில் மீண்டவர்களின் எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. நெஞ்சை இயந்திரத்தால் அழுத்தும் கருவிகளும் 2014, 2015இல் வந்த பெரிய ஆய்வுகளில் கையை வெல்லவில்லை. அதை வாடகைக்குத் தருகிறோம் என்று சொன்ன விற்பனையாளரை அனுப்பிவிடலாம்.

இதெல்லாம் பாராமெடிக்குகளைக் குறைத்துப் பேசுவதற்காக இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1967இல், ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினத்தவர் பகுதியில், வேலையில்லாத இளைஞர்களைத் தேர்ந்து பீட்டர் சஃபார் என்ற மருத்துவர் பயிற்சி கொடுத்தார். ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் என்ற பெயரில் அவர்கள் நடத்திய சேவையே அந்நாட்டின் பாராமெடிக் முறைக்கு முன்மாதிரியாக அமைந்தது. 1975இல் நகராட்சி அதை மூடித் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது. அந்த முன்னோடிகளின் பெயரை உலகம் சொல்லத் தொடங்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நம் தோட்டங்களில் ஊசி போட்டு, காயம் கட்டி, பிரசவமும் பார்த்த டிரெசர்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் வரிசையில் வந்த மருத்துவ உதவி அதிகாரிகள்தாம் இன்றும் நம் அரசாங்க ஆம்புலன்ஸ்களில் வருகிறார்கள். ஒரு டாக்டரின் பெயரை ஊரே சொல்லும். ஆம்புலன்சில் வந்தவரின் பெயர் குடும்பத்துக்கே தெரியாது. அவர்களுக்கு மரியாதை செய்ய விரும்பினால், அவர்கள் வந்து சேரும்போது அங்கே ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கட்டும்.

மேலும், தைப்பூசத்தன்று பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்திய ஆம்புலன்ஸ் எங்கே நகரும்? ரத ஊர்வலத்தின்போது தெருவில் உடைத்த தேங்காய் குவிந்து கிடக்கும். அதன் பிறகு காவடிகள், பால்குடங்கள், குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள். மலைக்கோவிலின் 513 படிகளில் ஒருவர் சாய்ந்தால் சக்கரம் வைத்த எதுவும் மேலே ஏறாது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் போன்றவற்றின் தொண்டர்கள் முதலுதவிக்கு ஏற்கெனவே நிற்கிறார்கள், அவசர அழைப்புக்கு 999 இருக்கிறது. நாம் வாடகைக்கு எடுப்பது இரண்டாவது ஆம்புலன்ஸ். அதுவும் கூட்டத்தில் சிக்கிய ஆம்புலன்ஸ்.

999 பற்றி ஒரு சொல். அழைப்பை முதலில் எடுப்பவர் மருத்துவமனையில் இருப்பதில்லை. அவர் நம்மை மருத்துவமனை அழைப்பு மையத்துக்கு மாற்றிவிடுவார். அந்த இடைவெளியில் அழைப்பைத் துண்டித்துவிடக் கூடாது. கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு அழுத்தத் தொடங்க வேண்டும். ‘முருகன் படம் வைத்த பந்தல்’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது, எல்லாப் பந்தலிலும் முருகன்தான் இருக்கிறார். சாலையின் மலாய்ப் பெயரும் அருகில் உள்ள கட்டடத்தின் பெயரும் எழுதிய அட்டை ஒன்று பந்தல் கம்பத்தில் தொங்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு மார்க்கர் பேனா.

எனவே குழுவுக்கு என் பரிந்துரை இதுதான். மிஞ்சிய பணத்தில் பொம்மைகள் வாங்கி, அங்கீகாரம் பெற்ற அமைப்பொன்றிடம் எல்லாத் தொண்டர்களும் சி.பி.ஆர்., ஏ.இ.டி. இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ளட்டும். கருவியை இவ்வாண்டு வாங்க வேண்டாம். வரிசையாக நிற்கும் நாலைந்து பந்தல்கள் சேர்ந்து ஒன்றை வாடகைக்கு எடுத்து நடுப்பந்தலில் வைத்தால், ஓடிப்போய் எடுத்துவரும் தூரம்தான். எந்தப் பந்தலில் இருக்கிறது என்பது மற்றப் பந்தல்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

என் வரிசை மாறும் இடம் உண்டு என்று சொன்னேன். ஆண்டு முழுவதும் ஆள் நடமாட்டம் இருக்கும் கோவிலோ, இரவும் பகலும் காவலர் உட்கார்ந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்போ என்றால் கதை வேறு. அங்கே கருவி பூட்டில்லாமல் காவலர் கண்ணில் படும் சுவரில் இருக்கும், மின்தகட்டின் தேதியைப் பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கு இருக்கும், காவலர்களும் பயிற்சி பெற்றிருப்பார்கள். எங்கள் குழு உறுப்பினர்களில் பலர் குடியிருக்கும் குடியிருப்பில் நிர்வாகம் இந்த மூன்றுக்கும் எழுத்தில் ஒப்புக்கொண்டால், கருவி வாங்க இளைஞர்களோடு சேர்ந்து நானும் கை தூக்குவேன். தைப்பூசத்துக்கு அந்தக் கருவியையே பந்தலுக்குக் கேட்டு எடுத்துவரலாமே என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. நாங்கள் பந்தலுக்குக் கிளம்பும் நாளில் குடியிருப்பில் தாத்தா பாட்டிகள்தான் வீட்டில் இருப்பார்கள்.